அமெரிக்காவில் வீட்டுக்கடன் சிக்கல்... நார்வே நகராட்சியின் பணம் போனது எப்படி?

ஆர்க்டிக் வட்டத்துக்கும் வடக்கே இருக்கிற துறைமுக ஊர், நார்வேயின் நார்விக். 2007-ல் மக்கள்தொகை சுமார் 18,000 பேர்தான். குளிர்காலத்திலும் இங்கே கடல் உறையாது. அதனால் ஸ்வீடனின் கிருனா சுரங்கத்து இரும்புத்தாது ரயிலில் வந்து இங்கேதான் கப்பல் ஏறுகிறது. இந்த ஊர் நகராட்சியை அமெரிக்க நிதி நெருக்கடி எப்படிப் பதம் பார்த்தது?

முதலீட்டுக்குப் பணம் ஏது?

நீர்மின் உற்பத்தியால் நகராட்சிக்கு ஆண்டுதோறும் வருமானம் உண்டு. இனிமேல் வரப்போகும் அந்த வருமானத்தைக் காட்டி நார்விக்கும் வேறு சில நகராட்சிகளும் முன்கூட்டியே பணம் திரட்டின. 'டெர்ரா செக்யூரிட்டீஸ்' என்ற நார்வே தரகு நிறுவனம் வழியாக, சிட்டி குரூப் உருவாக்கிய திட்டத்தில் அதைப் போட்டன. குறைந்த வட்டிக்கு வாங்கி, கூடுதல் லாபம் பார்க்கலாம் என்பதுதான் கணக்கு.

எங்கே சறுக்கியது?

அந்தத் திட்டம் அமெரிக்க உள்ளாட்சிக் கடன் பத்திரங்களைச் சார்ந்தது. கேட்டால் பாதுகாப்பாகத்தான் தெரியும். ஆனால், போட்ட பணத்தைவிடப் பல மடங்கு கடன் வாங்கி அந்தப் பத்திரங்கள் வாங்கப்பட்டிருந்தன. லாபம் வந்தால் பல மடங்கு. நஷ்டம் வந்தாலும் அதே கதிதான். வீட்டுக்கடன் நெருக்கடியில் கடன் சந்தை ஆட்டம் கண்டதும் முதலீட்டின் மதிப்பு சரிந்தது. 'இன்னும் பணம் கட்டுங்க' என்று நகராட்சிகளுக்கு நெருக்கடி வந்தது.

யார் பொறுப்பேற்றார்கள்?

அபாயத்தைச் சரியாக விளக்கவில்லை என்று டெர்ராவின் உரிமத்தைப் பறிக்க நார்வேயின் நிதி ஒழுங்குமுறை அமைப்பு முடிவெடுத்தது. 2007 நவம்பர் 28-ல் டெர்ரா திவாலானது. நஷ்டத்தை ஈடுகட்ட மத்திய அரசு மறுத்துவிட்டது. சிட்டி குரூப் மீது நியூயார்க்கில் போட்ட வழக்கும் கைகொடுக்கவில்லை.

நகராட்சியும் திவாலாகுமா?

ஆகாது. நார்வே சட்டத்தில் அதற்கு இடமில்லை. அதாவது, நிறுவனம் கைகழுவிவிட்டுப் போகலாம். நகராட்சி போக முடியாது. பள்ளி, மழலையர் காப்பகம், முதியோர் பராமரிப்பு எல்லாம் அங்கே நகராட்சியின் பொறுப்பு. அந்தச் செலவுக்கான பணத்திலிருந்துதான் கடனையும் அடைக்க வேண்டும்.

வரவு செலவு நீண்டகாலம் இடித்தால், அந்த நகராட்சி 'ரோபெக்' என்ற அரசுப் பட்டியலில் சேரும். பிறகு பட்ஜெட் சட்டப்படி இருக்கிறதா என்று அரசு சரிபார்க்கும். புதுக் கடனுக்கு அரசின் ஒப்புதல் வேண்டும். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை ஓட்டுப்போட்டு மக்கள் தேர்ந்தெடுக்கும் மன்றத்தின் கை கட்டப்பட்டுவிடும்.

கவுன்சிலர்கள் எல்லாரும் நிதி நிபுணர்களாக இருக்க வேண்டியதில்லை. ஆனால், 'இதில் அதிகபட்சம் எவ்வளவு போகும்?' என்று கேட்டு, நேரடியான பதில் வராதவரை கையெழுத்துப் போடக் கூடாது. ஊர்ப் பணத்துக்கு மட்டுமல்ல, சம்பளப் பணத்துக்கும் அதே கேள்விதான்.