கோடை இடிமழையும் மூன்று நாள் வானிலை அறிக்கையும்

அம்பத்தூர் ஏரியின் கீழிருந்த நன்செய் நிலங்களிற் பெரும்பாகம் இன்று வீட்டு மனைகளாகிவிட்டது. எனினும் அதற்கு மேற்கே திருவள்ளூர்ப் பக்கத்துக் கிராமங்களில் நவரை நெல் இன்னும் சாகுபடியாகி வருகிறது. இப்பயிர் பங்குனி, சித்திரை மாதங்களில் அறுவடைக்கு வரும். கோடை இடிமழை எழுங் காலமும் அதுவே. 2008-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் பருவந் தப்பிப் பெய்த பெருமழையால் தமிழ்நாட்டின் பல ஜில்லாக்களில் பயிர்கள் சேதமுற்றன. ஆகவே, வானிலை அறிக்கையின் சொற்களைப் பொருளறிந்து படிப்பது குடியானவர்களுக்கு மிகவும் அவசியமாகும்.

மழையும் குளிர்காற்றும் உண்டாகும் விதம்

கோடையில் தரை காய்ந்து, அதையொட்டிய காற்று சூடேறி மேலெழுகிறது. பிற்பகலில் வங்காள விரிகுடாவிலிருந்து வீசும் ஈரமான கடற்காற்று, மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்றைச் சந்திக்கிறது. அவ்விடத்தில் ஈரக்காற்று விரைவாக உயர்ந்து, குளிர்ந்து, கருமேகமாகத் திரளுகிறது. விழும் மழைத்துளிகளில் ஒரு பகுதி வழியிலேயே ஆவியாகிக் காற்றைக் குளிரச் செய்கிறது. குளிர்ந்த காற்று கனமுடையதாதலால் கீழே பாய்ந்து நாற்புறமும் பரவுகிறது. கடும் வெயிலினிடையே திடீரெனக் குளிர் உண்டாவது இதனாலேயாம். முற்றிய கதிரை மழைக்கு முன்னரே சாய்த்துவிடுவதும் இக்காற்றே. வடநாட்டிலோ மத்தியதரைக் கடற் பக்கத்திலிருந்து வரும் காற்றுச் சலனங்கள் வசந்த காலத்தில் மழையும் ஆலங்கட்டியும் குளிரும் கொணர்வதுண்டு. 2015 மார்ச்சில் இவற்றால் கோதுமைப் பயிர் பெரிதும் கெட்டது.

அறிக்கையின் சொற்கள்

மூன்று நாள் வரைக்கும் கூறப்படுவது குறுகிய கால முன்னறிவிப்பு எனப்படும். சென்னை மண்டல வானிலை ஆய்வு மையம் இதனைத் தினந்தோறும் வெளியிடுகிறது. ‘ஓரிரு இடங்களில் மழை’ என்றால், அப்பிரதேசத்து மழைமானி நிலையங்களில் நூற்றுக்கு 25 வரையில் மழை பதிவாகலாம் என்பது பொருள். ‘ஒருசில இடங்களில்’ என்பது 26 முதல் 50 வரை. ‘பெரும்பாலான இடங்களில்’ என்பது 75-க்கு மேல். 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் பெய்தால் ‘கனமழை’, 115.6 முதல் ‘மிக கனமழை’. மஞ்சள் நிறம் கவனித்திருக்கவும், ஆரஞ்சு நிறம் ஆயத்தமாகவும், சிவப்பு நிறம் உடனே செயற்படவும் குறிப்பதாகும்.

ஓர் இடிமேகம் சில மைல் அகலமே பரவி, ஓரிரு மணி நேரத்தில் கலைந்துவிடும். எந்தக் கிராமத்தில் பெய்யும் என்று முதல் நாளே சொல்ல இயலாது. ஆதலின் ‘ஓரிரு இடங்களில்’ என்ற நாளில் நம் வயலில் மழையில்லாவிடில், அறிக்கை பொய்த்ததென்று கொள்ளலாகாது. அன்று பிற்பகலில் ராடார் கொண்டு மூன்று மணி நேரத்திற்கு விடுக்கப்படும் அறிவிப்பையும் கவனிக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

1. கதிரில் நூற்றுக்கு 80 பங்கு மணிகள் பழுத்திருந்து, ஆரஞ்சு எச்சரிக்கையும் வந்தால், மழைக்கு முன் அறுவடையை முடிக்க முயலவும்.

2. அன்றே அடித்து மூடக்கூடிய அளவுக்கு மேல் அறுக்க வேண்டாம். நின்ற பயிர் சிறு மழைக்குத் தாங்கும். அறுத்துக் கிடக்கும் அரியோ நனைந்து முளைத்துவிடும்.

3. பயிர் முற்றாதிருந்தால் அறுக்காமல், வடிகாலைத் திறந்து வைக்கவும்.

4. களத்து நெல்லை மேடாகக் குவித்துத் தார்ப்பாயால் மூடவும். அரசாங்கக் கொள்முதலில் ஈரம் நூற்றுக்கு 17-க்கு மிகாதிருப்பது பொது விதியாதலால், நனைந்த நெல் விலையையும் இழக்கும்.

5. மழை அறிவிக்கப்பட்ட நாளில் மருந்து தெளிப்பதையும் யூரியா இடுவதையும் ஒத்தி வைக்கவும்.

6. இடி கேட்டதும் வயலை விட்டகன்று வீட்டினுள் செல்லவும். பனை, புளிய மரங்களின் அடியில் ஒதுங்குதல் உயிருக்கே ஆபத்தாகும்.

நான்கு முறை தார்ப்பாய் விரித்து மூன்று முறை மழை வாராமற் போயினும் நஷ்டம் சிறிது உழைப்பே. விரியாத ஒரு நாள் மழை வந்தாலோ, நான்கு மாதப் பாடு வீணாகும். செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் ஜில்லாவாரியாக வெளிவரும் வேளாண் வானிலை அறிக்கையையும் குடியானவர்கள் தவறாது கேட்டறிந்து பயனடைவார்களாக.