பற்றும் தீக்குச்சியும்



எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பாலிடெக்னிக் படி ஏறியவன் நான். இரண்டாம் செமஸ்டரில் கணிதத்தில் அரியர் விழுந்தது. அப்பா திட்டவில்லை. சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடியே, "சரி, விடுப்பா" என்றார். அவ்வளவுதான். அந்த வார்த்தை மூன்று மாதம் என் தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. விடச் சொன்ன வார்த்தையையே விட முடியவில்லை!

பற்றை விடு என்றால் நமக்குப் பட்டினத்தார்தான் ஞாபகத்துக்கு வருவார். அவர் சமாதி இதோ திருவொற்றியூர்க் கடற்கரையில் இருக்கிறது. செல்வத்தை எல்லாம் துறந்து போனவர் அவர். அரியரை வைத்துக்கொண்டு நாம் எங்கே போவது? எங்கள் தெருவில் ஒரு தாத்தா இருக்கிறார். பர்மாவிலிருந்து கப்பலில் வந்த குடும்பம். புத்தர் சொன்ன தியானத்துக்கு வீட்டை விட்டுப் போகவேண்டாம் என்று அவர்தான் சொன்னார்.

பாலி மொழியில் பற்றுக்கு 'உபாதானம்' என்று பெயர். விறகு, எரிபொருள் என்றும் அதற்கு அர்த்தம் உண்டாம். மணிமேகலை இதைத் தமிழில் 'பற்று' என்றே சொல்கிறது. நுகர்வால் வேட்கை, வேட்கையால் பற்று என்று சங்கிலி போகும். நாமும் 'தீப்பற்றியது' என்றுதானே சொல்கிறோம்!

தீ என்றதும் எங்கள் ஊர் வந்துவிடுகிறது. வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி என்பதன் சுருக்கம்தான் விம்கோ. தீக்குச்சியை உரசினால் தலையில் உள்ள மருந்து சட்டென்று சீறி அடங்கிவிடும். அந்தத் தீ மரத்தில் பிடிக்க வேண்டுமே! அதற்காகத்தான் குச்சியின் முனையை முன்கூட்டியே மெழுகில் நனைக்கிறார்கள். மெழுகு இல்லையென்றால் பெரும்பாலும் சீறியதோடு சரி.

அப்பாவின் வார்த்தை ஓர் உரசல். நெஞ்சில் வந்த இறுக்கம் நுகர்வு, அது சீறிவிட்டு அடங்கக்கூடியது. 'அப்பா திட்டியிருந்தாலாவது பரவாயில்லை', 'நான் லாயக்கில்லாதவன்' என்று நானே சேர்த்த வசனம் எல்லாம் மெழுகு. அப்பா மேல் உள்ள பாசம் இந்தக் கணக்கில் வராது, அதை யாரும் விடச் சொல்லவில்லை.

மண்டலேயில் பிறந்த கோயங்கா, பர்மாவின் தலைமைக் கணக்கு அதிகாரியாக இருந்த ஊ பா கின்னிடம் இந்தத் தியானத்தைக் கற்று, 1969-இல் இந்தியாவில் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். இதுதான் விபாசனா. சென்னையில் திருமுடிவாக்கத்தில் 'தம்ம சேது' நிலையம் இருக்கிறது. பத்து நாள் வகுப்பு, கட்டணம் கிடையாது, பேச்சும் கிடையாது! முதல் மூன்று நாளும் மூச்சைக் கவனிப்பது மட்டும்தான். அதன் பிறகு உடம்பில் எழும் உணர்ச்சிகளை ஒவ்வொன்றாகக் கவனிக்க வேண்டும். நான் இன்னும் போகவில்லை, அட்டெண்டன்ஸ் இருக்கிறதே.

தாத்தா காட்டியபடி விடிகாலையில் மாடியில் உட்காருகிறேன். மூக்கு நுனியில் மூச்சு. ஐந்து எண்ணுவதற்குள் மனசு கேன்டீனுக்குப் போய்விடும். கும்மிடிப்பூண்டி ரயில் ஹாரன் வேறு. அப்புறம் அந்த இறுக்கம் வரும். எந்த இடத்தில், எவ்வளவு அகலம், சூடா குளிர்ச்சியா என்று பார்க்க வேண்டும். "தொரத்தாத தம்பி. சும்மா பாரு. கட்டையப் போடாத, அவ்ளோதான்" என்பார் தாத்தா. முதல் வாரம் முழங்கால் வலிதான் மிச்சம்.

இறுக்கம் இன்னும் வரத்தான் செய்கிறது. முன்பெல்லாம் நாள் முழுக்க இருக்கும். இப்போது அம்மா டிபன் பாக்ஸ் கட்டி முடிப்பதற்குள் போய்விடும் நாட்களும் உண்டு. அரியருக்குப் பணம் கட்டிவிட்டேன். இன்டெக்ரேஷன்தான் இன்னும் பிடிபடவில்லை.