லங்காவியில் கார் எடுக்கப் போகிறீர்களா?

மலேசியாவின் வடமேற்கு ஓரத்தில், தாய்லாந்து எல்லையை ஒட்டிக் கிடக்கிறது லங்காவி. நம் வரலாற்றுப் புத்தகங்களில் கடாரம் என்று வருகிறதே, அந்தக் கெடா மாநிலத்தைச் சேர்ந்த தீவு. எந்த மூலையிலிருந்து கிளம்பினாலும் காரில் ஒரு மணி நேரத்துக்குள் மறு மூலைக்குப் போய்விடலாம். இவ்வளவு சின்னத் தீவுக்குக் கார் எதற்கு?

பார்க்க வேண்டிய இடங்கள் நாலா பக்கமும் சிதறிக் கிடப்பதுதான் காரணம். பேருந்தை நம்பித் திட்டம் போட முடியாது. கிராப் செயலியில் அழைக்கும் வாடகை வண்டி பந்தாய் செனாங் கடற்கரையிலும் குவா நகரிலும் சுலபமாகக் கிடைக்கும். வடக்கே தஞ்சோங் ரூ பக்கம் போய்விட்டால், திரும்பி வர வண்டிக்காகக் காத்திருக்க நேரலாம். கார் மிச்சப்படுத்துவது இந்தக் காத்திருப்பைத்தான்.

எத்தனை நாளுக்கு?

நான்கு நாள் தங்கினால் நான்கு நாளும் கார் தேவைப்படாது. கடலில் குளித்துவிட்டுச் செனாங் கடைத்தெருவில் சாப்பிடும் நாளில் அது விடுதி வாசலில் சும்மா நிற்கும். தீவுகளைச் சுற்றிக் காட்டும் படகுப் பயணங்களுக்குப் பெரும்பாலும் படகு நடத்துபவர்களே வேன் அனுப்பி அழைத்துப் போவார்கள். சுற்றும் நாட்களை அடுத்தடுத்து வைத்துக்கொண்டால் இரண்டு நாள் கார் போதும்.

கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். அந்த நாட்களிலும் மலேசியப் பள்ளி விடுமுறையிலும் வாடகை ஏறும், நல்ல வண்டிகள் முன்பே போய்விடும். அப்போது போவதானால் முன்பதிவு செய்துவிடுங்கள்.

யாரிடம் எடுப்பது?

விமான நிலையத்திலும் குவா படகுத்துறையிலும் வாடகைக் கார் கவுண்டர்கள் வரிசையாக உண்டு. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நேரே வந்து கேட்பவர்களும் உண்டு. யாராக இருந்தாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த வண்டியின் இன்சூரன்ஸ் வாடகைக்கு விடுவதற்காக எடுத்ததா? சொந்த உபயோகத்துக்கு எடுத்த பாலிசி, வாடகைக்குப் போன வண்டி மோதினால் கைகொடுக்காமல் போகலாம். இருபது ரிங்கிட் குறைவு என்று இதில் சமாதானம் ஆகிவிடாதீர்கள்.

இன்சூரன்ஸ் இருந்தாலும் ‘எக்சஸ்’ என்று ஒரு வரி இருக்கும். சேதத்தில் முதலில் இவ்வளவு தொகை உங்கள் பொறுப்பு என்று அதற்கு அர்த்தம். அந்தத் தொகை எவ்வளவு என்று எழுத்தில் பாருங்கள். டயர், முன்கண்ணாடி, வண்டியின் அடிப்பகுதி ஆகியவை பல ஒப்பந்தங்களில் காப்பீட்டுக்குள் வராது. மணலில் காரை இறக்கிப் படம் எடுக்கும் ஆசை வரும்போது இது நினைவில் இருக்கட்டும்.

இந்திய ஓட்டுநர் உரிமத்தோடு, ஆர்டிஓ அலுவலகத்தில் தரும் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியையும் வாங்கிக்கொண்டு போங்கள். கவுண்டரில் கேட்காமல் விடலாம். விபத்தென்று ஒன்று நடந்தால் போலீசும் காப்பீட்டு நிறுவனமும் கேட்பார்கள்.

சாவி வாங்கும் முன் பத்து நிமிடம்

வாடகைக் கார் தகராறுகளில் முக்கால்வாசி ‘இந்தக் கீறல் முன்பே இருந்ததா’ என்பதுதான். செல்போனில் வீடியோவை ஓடவிட்டு, வண்டியை ஒரு சுற்று நடந்து வாருங்கள். கதவுகளை எல்லோரும் பார்ப்பார்கள். பம்பரின் கீழ் விளிம்பு, சக்கர வளையங்கள், முன்கண்ணாடியில் சிறு தெறிப்பு ஆகியவைதான் விட்டுப்போகும். குனிந்து படம் எடுங்கள். பெட்ரோல் முள் எங்கே நிற்கிறது என்பதற்கும் ஒரு படம். ஏசியைப் போட்டுப் பாருங்கள். ஸ்டெப்னியும் ஜாக்கியும் இருக்கின்றனவா, நடுவழியில் நின்றால் எந்த எண்ணுக்கு அழைப்பது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பெரும்பாலும் கிடைப்பவை மைவி, ஆக்சியா, சாகா போன்ற உள்ளூர்த் தயாரிப்புச் சிறு கார்கள். அநேகமாக எல்லாம் ஆட்டோமேட்டிக். கியர் வண்டியிலேயே பழகியவர்கள் கிளட்சைத் தேடி இடது காலால் பிரேக்கை மிதித்துவிடுவார்கள். இடது காலை ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டு, வாகன நிறுத்தத்திலேயே இரண்டு சுற்று ஓட்டிப் பார்த்துக் கிளம்புங்கள்.

சாலையில்

நம் ஊர் போலவே இடது பக்க ஓட்டம். ஆனால் சிவப்பு விளக்கில் இடது பக்கம் திரும்பலாம் என்ற பழக்கம் அங்கே செல்லாது. பலகை அனுமதித்தால் ஒழிய நின்றே ஆக வேண்டும். ரவுண்டானாவில் வலது பக்கத்திலிருந்து வருபவருக்கு வழிவிட வேண்டும். பின் இருக்கையிலும் சீட் பெல்ட் கட்டாயம். ஹாரன் அடித்து வழி கேட்பவர்கள் குறைவு. நீங்களும் கையை எடுத்துவிடுங்கள்.

இருட்டிய பிறகு வயலோரச் சாலைகளில் எருமையும் மாடும் குறுக்கே வரும். காட்டோரச் சாலைகளில் குரங்குகள் உட்கார்ந்திருக்கும். சாப்பாட்டுப் பொட்டலம் வைத்திருந்தால் கண்ணாடியை ஏற்றிவிட்டே வண்டியை விட்டு இறங்குங்கள்.

பெட்ரோல் பங்க்கில் ஆள் வந்து போடமாட்டார். உள்ளே கவுண்டரில் பம்ப் எண்ணைச் சொல்லி, பணம் கட்டிவிட்டு வந்து நீங்களே போட்டுக்கொள்ள வேண்டும். சிறு கார்களுக்கு ரான் 95 வகைப் பெட்ரோல் போதும். அதன் மானிய விலை 2025 செப்டம்பர் இறுதியிலிருந்து மலேசியக் குடிமக்களுக்கு மட்டும்தான். வடக்குப் பக்கம் பங்க்குகள் குறைவு என்பதால் குவாவிலோ செனாங் பக்கத்திலோ நிரப்பிக்கொண்டு போவது நல்லது.

இரண்டு நாள், இரண்டு வழி

முதல் நாள் மேற்குப் பக்கம். காலையில் முதல் வேலையாக மச்சின்சாங் மலையின் கேபிள் காருக்குப் போய்விடுங்கள். பலத்த காற்றோ இடியோ வந்தால் அதை நிறுத்திவிடுவார்கள். மேலே 125 மீட்டர் நீளத்தில், வளைந்து தொங்கும் நடைபாலம் இருக்கிறது. இறங்கி வந்தால் பக்கத்திலேயே ஏழு கிணறு அருவி. பிறகு வடக்குக் கரையோரமாக ஓட்டி, பாசிர் தெங்கோராக் கடற்கரையில் நின்று, தஞ்சோங் ரூவில் மாலையைக் கழிக்கலாம்.

இரண்டாம் நாள் கிழக்கும் நடுவும். கிலிம் சதுப்புநிலக் காட்டில் படகுச் சவாரியைக் காலையில் முடித்துவிட்டு, தீவின் உச்சியான 881 மீட்டர் குனுங் ராயாவுக்கு ஏறலாம். உச்சி வரை தார்ச்சாலை உண்டு, வளைவுகள் அதிகம். இறங்கும்போது பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிமானம் குறையும். கியரை ‘எல்’ அல்லது ‘எஸ்’ நிலைக்கு மாற்றுங்கள், எஞ்சினே வேகத்தைப் பிடித்து வைக்கும். இருட்டும் முன் கீழே வந்துவிடுங்கள். இரவுச் சந்தை தினமும் வெவ்வேறு ஊரில் கூடும். அன்று எங்கே என்று விடுதியில் கேட்டால் சொல்வார்கள். இரவுச் சாப்பாட்டை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

செப்டம்பர், அக்டோபரில் மழை அதிகம். டிசம்பர் முதல் மார்ச் வரை வானம் பெரும்பாலும் தெளிவாக இருக்கும்.

திருப்பிக் கொடுக்கும்போது

எடுத்தபோது இருந்த அளவுக்குப் பெட்ரோல் போட்டு, அந்த முள்ளைப் படம் எடுத்து, மறுபடியும் ஒரு சுற்று வீடியோ எடுங்கள். சில நிறுவனங்கள் விமான நிலைய வாகன நிறுத்தத்தில் காரை விட்டுவிட்டுப் போகச் சொல்லும். அப்படியானால் நிறுத்திய இடத்தையும் நேரத்தையும் படத்தோடு அவர்களுக்கு அனுப்பி, பதில் வாங்கிக்கொள்ளுங்கள். டெபாசிட் எப்படி, எத்தனை நாளில் திரும்பும் என்பதைச் சாவி வாங்கும்போதே கேட்டிருக்க வேண்டும். விமானம் ஏறிய பிறகு கேட்டால் பதில் வரத் தாமதமாகும்.