பேய்க்கு ஏன் கால் இல்லை? ஜப்பான் ஆவி முதல் அம்புலிமாமா வேதாளம் வரை!

காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர்னு எங்கே கேட்டாலும் பேய்க்கு ஒரே அடையாளம்தான் சொல்வாங்க. வெள்ளைச் சேலை, விரிச்சுப் போட்ட தலைமுடி, தரையில் படாத கால். ஜப்பானில் கேட்டாலும் கிட்டத்தட்ட இதே பதில்தான் வரும்! யாரும் காட்ட முடியாத ஒன்றுக்கு இவ்வளவு தெளிவான உருவம் எப்படி வந்தது? இதில் ஓவியர்களுக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

ஜப்பானில் கால் எப்படி மறைந்தது?

இறந்தவரின் ஆவியை ஜப்பானில் 'யூரேய்' என்பார்கள். மருயாமா ஓக்யோ (1733-1795) என்ற ஓவியர், இறந்துபோன ஒரு இளம்பெண்ணின் ஆவியை வரைந்தபோது இடுப்புக்குக் கீழே உருவத்தை மங்கலாக்கி, அப்படியே மறையவிட்டார் என்று சொல்லப்படுகிறது. அந்த பாணி பிரபலமாகி, மற்ற ஓவியர்களும் கால் இல்லாத ஆவிகளை வரையத் தொடங்கினார்கள். நாடக மேடைக்கும் அது போனது.

வெள்ளை உடைக்கும் காரணம் உண்டு. அங்கே இறந்தவர்களுக்கு வெள்ளை கிமோனோ உடுத்துவது வழக்கம். அதாவது, அது பிணத்தின் உடை.

'யோகாய்' என்பது என்ன?

ஆவி மட்டுமல்ல, மனித உருவில் வரும் விசித்திரப் பிறவிகளும் ஜப்பான் கதைகளில் ஏராளம். இவற்றுக்குப் பொதுப்பெயர் யோகாய். பனியில் தோன்றும் 'யுகி ஒன்னா', கழுத்து நீளும் 'ரொகுரோகுபி' எல்லாம் இந்த வகைதான். 1776-ல் தோரியாமா செகியென் என்ற ஓவியர், பக்கத்துக்கு ஒன்றாக இவற்றை வரைந்து, பெயரும் போட்டுப் புத்தகமாக்கினார். ஊருக்கு ஊர் வேறு வேறு மாதிரி சொல்லப்பட்ட கதைகளுக்கு அச்சில் ஒரு முகம் கிடைத்தது.

நம்ம வேதாளத்துக்கு முகம் கொடுத்தது யார்?

ஓவியர் சங்கர். முழுப்பெயர் கே.சி.சிவசங்கரன். 1924-ல் கொங்கு மண்டலத்தில் பிறந்தவர், சிறுவயதில் சென்னைக்கு வந்தார். துறைமுகத்தை ஒட்டிய தம்பு செட்டி தெரு முத்தியால்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் படித்து, பிறகு ஓவியக் கல்லூரிக்குப் போனார். 1952-ல் 'அம்புலிமாமா'வில் சேர்ந்து, அரை நூற்றாண்டுக்கும் மேல் வரைந்தார்.

ஒரு கையில் வாள், தோளில் பிணம், சுடுகாட்டில் நடக்கும் விக்கிரமாதித்தன். இந்தப் படத்தை மறந்தவர்கள் குறைவு. வேதாளம் என்பது பிணத்துக்குள் புகுந்து பேசும் ஆவி. அதனால் சங்கர் வரைந்ததும் கொம்பு முளைத்த அரக்கனை அல்ல, ராஜாவின் தோளில் தொங்கும் ஒரு மனித உடலைத்தான். பயமும் அங்கேதான் இருக்கிறது.

இன்னொரு விஷயம்: சமஸ்கிருதக் கதையில் பிணம் தொங்குவது சிம்சபா மரத்தில். தமிழுக்கு வந்தபோது அது முருங்கை மரமாகிவிட்டது!

சங்கர் 2020 செப்டம்பரில் காலமானார். 2021-ல் அவருக்கு பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

நம்ம ஊர் பேய்க்கு ஏன் வெள்ளைச் சேலை?

இங்கேதான் யோசிக்க வேண்டியிருக்கிறது. ஜப்பானில் வெள்ளை, இறந்தவரின் உடை. நம்ம ஊரில் வெள்ளைச் சேலை என்பது கணவரை இழந்து, உயிரோடு இருக்கும் பெண்கள் மீது ஒரு காலத்தில் திணிக்கப்பட்ட உடை. பூ வைக்கக்கூடாது, நல்ல காரியத்தில் முன்னால் வரக்கூடாது என்று ஒதுக்கப்பட்டவர்களின் கோலமே, திரையில் பேயின் கோலமாகவும் ஆனது. 1966-ல் வந்த 'யார் நீ' படத்தில் ஜெயலலிதா வெள்ளை உடையில் வந்த பிறகு இது இன்னும் பரவலானது. பேய்க்கு உருவம் கொடுக்கும்போது, யாருடைய உருவத்தை எடுக்கிறோம் என்பதும் கேள்விதான்.

ஃபார்வேர்டு வீடியோவில் எதைக் கவனிக்கணும்?

'சிசிடிவியில் சிக்கிய பேய்' என்று வாட்ஸ்அப்பில் வீடியோ வந்தால் ஒரு நிமிஷம் நிறுத்திப் பாருங்க. வெள்ளை உடை, விரிந்த முடி, மங்கலான கால்... எல்லாமே ஓவியத்திலும் சினிமாவிலும் பலமுறை பார்த்ததுதானே? அதை உருவாக்கியவருக்கும் அந்தப் படங்கள் பழக்கம்தான். பகிர்வதற்கு முன் இதை யோசிச்சுட்டு பகிருங்க. இரவு ஷிஃப்ட் முடிஞ்சு தனியா நடந்து வர்ற ஒரு பெண்ணை, யாரோ தூரத்திலிருந்து எடுத்த வீடியோவாகக்கூட அது இருக்கலாம்.