கல்யாண கேசட்டில் பெரியம்மா குண்டானது எப்படித் தெரியுமா?

பரணில் கிடந்த கல்யாண கேசட்டை இறக்கித் தூசி தட்டி, பென்டிரைவில் ஏற்றி, புது எல்இடி டிவியில் போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? அன்றைக்கு ஒல்லிக்குச்சியாக இருந்த பெரியம்மா பூசணிக்காய் மாதிரி உப்பியிருப்பார். நெற்றியில் வட்டமாக வைத்த பொட்டு கோழிமுட்டையாய்ப் படுத்துக் கிடக்கும்! பாவம், வீடியோக்காரர் மேல் தப்பே இல்லை. 4:3 (அகலம் 4, உயரம் 3) படத்தை 16:9 திரை முழுக்க இழுத்து நிரப்பினால் அகலம் மட்டும் சரியாக மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். உயரம் அப்படியே நிற்கும். பெரியம்மா குண்டானது இப்படித்தான்.

சரி, அந்த 4:3 எங்கே பிறந்தது தெரியுமா? எடிசனின் ஆய்வகத்தில்! அங்கே வேலை பார்த்த டிக்சன் என்பவர் 1890-களின் தொடக்கத்தில் 70 மி.மீ. பிலிமை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து 35 மி.மீ. ஆக்கினார். ஒரு படத்துக்கு ஓரத்தில் நான்கு துளை. அகலம் ஏறத்தாழ ஓர் அங்குலம், உயரம் முக்கால் அங்குலம். அவ்வளவுதான்! நம் வீட்டு டிவிப் பெட்டியும், கல்யாண மண்டபத்துக்கு வந்த விஎச்எஸ் கேமராவும் நூறு வருஷத்துக்கு அந்த நான்கு துளைக்குக் கட்டுப்பட்டே ஓடின.

அகலத்திரை வந்ததற்கும் டிவிதான் காரணம் என்றால் நம்புவீர்களா? அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு டிவி நுழைந்து தியேட்டர்கள் காற்று வாங்கியபோது, ‘வீட்டில் பார்க்க முடியாததைக் காட்டுகிறோம்’ என்று சினிமாக்காரர்கள் திரையை விரித்தார்கள். 1952-ல் மூன்று புரொஜெக்டர்களை ஒன்றாக ஓட்டிய சினிராமா, 1953-ல் சினிமாஸ்கோப்பில் ‘தி ரோப்’. இந்தியாவுக்கு அது 1959-ல் குருதத்தின் ‘காகஸ் கே பூல்’ வழியாக வந்தது. தமிழில் 1973 வரை காத்திருந்து, ‘ராஜராஜ சோழ’னில் சிவாஜி கம்பீரமாக அகல நடந்தார்.

இப்போது இன்னொரு வேடிக்கை. 4-ஐ 4-ஆல் பெருக்கினால் 16. 3-ஐ 3-ஆல் பெருக்கினால் 9. 16:9! ஆனால் இந்தப் பெருக்கலை வைத்து யாரும் அந்த அளவைப் பிடிக்கவில்லை. 1980-களில் கெர்ன்ஸ் பவர்ஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர், புழக்கத்தில் இருந்த திரை வடிவங்களையெல்லாம் ஒரே பரப்பளவுள்ள செவ்வகங்களாக்கி ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தார். எல்லாவற்றையும் தன்னுள் அடக்கிய வெளிச் செவ்வகமும், எல்லாவற்றுக்கும் பொதுவான உள் செவ்வகமும் ஒரே விகிதத்தில், ஏறத்தாழ 16:9-ல், வந்து நின்றன. ஆக, உங்கள் வரவேற்பறை டிவி எல்லோருக்கும் நடுவே செய்துகொண்ட ஒரு சமரசம்!

பெரிய டிவி வாங்கியும் முகங்கள் ஏன் சிறுத்தன தெரியுமா? கணக்குப் போட்டால் 29 அங்குல 4:3 திரையின் உயரம் 17.4 அங்குலம். 32 அங்குல அகலத்திரையின் உயரமோ வெறும் 15.7! கடையில் 32 என்று கேட்டதும் நாம் வாய்பிளந்துவிட்டோம். இன்ச் டேப்பை மூலைக்கு மூலை பிடித்தவர்கள் யாரும் நெட்டுக்குத்தாகப் பிடித்துப் பார்க்கவில்லை.

மினிடிவி (MiniDV) கேசட் கேமரா வைத்திருந்தவர்களுக்கு ஒரு ரகசியம். அதில் ‘16:9’ என்று ஒரு வசதி இருக்குமே, பல விலைகுறைந்த கேமராக்களில் அது கண்துடைப்பு! 4:3 சென்சாரில் மேலேயும் கீழேயும் வெட்டிவிட்டு, 576 வரிகளில் மிஞ்சிய 432-ஐ இழுத்துக் கொடுத்தது. அகலமாகக் கிடைத்த மாதிரி தெரியும். உண்மையில் கால்வாசி பறிபோயிருக்கும்.

சிரிக்காதீர்கள், உங்கள் போனும் அந்த வேலையைத்தான் செய்கிறது. பெரும்பாலான போன்களின் சென்சார் 4:3. போட்டோவிலிருந்து வீடியோவுக்கு மாற்றிப் பாருங்கள், சட்டென்று காட்சி சுருங்கும். போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்துவிட்டு டிவியில் போட்டால்? திரையில் மூன்றில் ஒரு பங்குகூட நிறையாது. மீதியெல்லாம் கறுப்பு.

அப்படியானால் எதில் எடுப்பது? தாலி கட்டும் அந்த ஒரு நிமிஷத்தை நினைத்துப் பாருங்கள். குனிந்த மணப்பெண், கழுத்தருகே மாப்பிள்ளையின் கை, பின்னால் எட்டி மூன்றாவது முடிச்சுப் போடும் நாத்தனார். எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். 4:3-க்கென்றே செய்த காட்சி! அகலத்தில் நெருங்கிப் போனால் நாத்தனாரின் தலை போய்விடும். பின்வாங்கினால் வலது ஓரத்தில் போன் பேசும் ஒரு மாமா வந்து நிற்பார். அதுவே பந்தி, மாப்பிள்ளை அழைப்பு, மேடையில் வரிசையாக நிற்கும் சொந்தபந்தம் என்றால் அகலம்தான் ராஜா. உயரமான சட்டம் பழைய பஞ்சாங்கம் என்று யாராவது சொன்னால், ஐமாக்ஸ் பிலிமின் விகிதம் 1.43 என்று சொல்லி வாயடையுங்கள். 4:3-க்கு அது பக்கத்து வீடு!

என்னைக் கேட்டால், இன்று எடுப்பதை 16:9-லேயே எடுங்கள். பார்க்கப் போகும் திரை அதுதான். 4கே என்றால் இன்னும் நல்லது. முக்கியமானவர்களை நடுவில் நிறுத்திவிட்டால், பிறகு ஓரங்களை வெட்டி 4:3 ஆக்கினாலும் 2880-க்கு 2160 புள்ளிகள் கையில் இருக்கும். வெட்டிப் போட்டதைத்தான் யாராலும் திருப்பித் தர முடியாது.

பழைய கேசட்டுக்கு வைத்தியம் எளிது. டிவியின் படஅளவு மெனுவுக்குப் போய் 4:3-ஐத் தேர்ந்தெடுங்கள். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும், வரட்டும். பெரியம்மாவின் பொட்டைப் பாருங்கள். வட்டமாகிவிட்டதா? அளவு சரி. கேசட்டை மாற்றித் தரும் கடைக்காரரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: “அண்ணே, 4:3-லேயே கொடுங்க, இழுத்துடாதீங்க.”