மூச்சடக்காத முக்குளிப்பு

கடலில் மூழ்குவோர் மூச்சை அடக்கவேண்டும் என்பது மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தோர் வழிவழியாகக் கையாண்ட முறை. ஆனால், முதுகில் காற்றுக்கலம் சுமந்து மூழ்கக் கற்க வருவோர்க்குச் சொல்லப்படும் முதற்பாடம் இதற்கு நேர்மாறானது. மூச்சை ஒருபோதும் அடக்கலாகாது என்பதே அது.

காரணத்தைக் காண்போம். 10 மீட்டர் ஆழத்தில் நம்மீது அழுத்தம் நீர்மட்டத்தில் இருப்பதைப்போல் இருமடங்கு. கருவி தரும் காற்றும் அதே அழுத்தத்தில் நெஞ்சை நிரப்புகிறது. அம்மூச்சை அடக்கியவாறு ஒருவர் மேலே வருவாராயின், காற்று இருமடங்காக விரிய முயலும், நுரையீரல் கிழியும். 30 மீட்டரிலிருந்து 20 மீட்டருக்கு ஏறுகையில் காற்று மூன்றில் ஒரு பங்கே பெருகுகிறது. கடைசிப் 10 மீட்டரில்தான் இருமடங்காகிறது. ஆகவே, நீச்சல் குளத்திலும் அலட்சியம் கூடாது.

இத்தகைய பாடத்தை ஊதியம் பெறாத ஆசிரியரிடம் கற்கலாமா என நேயர்கள் ஐயுறலாம். நாமும் ஐயுற்றதுண்டு. இதற்குப் பிரிட்டனின் அனுபவம் விடை தருகிறது. 1943-ல் பிரான்சில் கூஸ்தோவும் கஞ்ஞானும் இச்சுவாசக் கருவியை உருவாக்கினர். பத்தாண்டு கழித்து, 1953-ல், ஆஸ்கர் கூகன், பீட்டர் ஸ்மால் என்னும் இருவர் லண்டனில் பிரிட்டிஷ் சப்-அக்வா கிளப்பைத் தொடங்கினர். அதன் கிளைகளில் கற்பிப்போர் தொண்டர்களே. கற்பிப்பதற்கெனத் தனிப் பயிற்சியும் பெற்றவர்கள். வெளிமாநிலங்களில் தமிழ்ச் சங்கம் நடத்திப் பழகிய நமக்கு, அலுவலகம் முடிந்து வந்து நாற்காலி அடுக்குவோரின் இயல்பு புதிதன்று. ஆனால், அங்கே பிழை நேர்ந்தால் விழா கெடுவதோடு போகும். இங்கே உயிர் போகும்.

ஆதலின் பாடம் மெதுவாகவே நடைபெறுகிறது. முகக்கண்ணாடியில் புகுந்த நீரை மூக்கால் ஊதி வெளியேற்றுதல், வாயிலிருந்து நழுவிய குழலைத் தேடிப் பற்றுதல், தம் காற்று தீர்ந்தால் தோழரின் கலத்திலிருந்து மூச்சு வாங்குதல் ஆகியவற்றைக் கை தானே செய்யும்வரை குளத்தில் பழகவேண்டும். தோழர் இன்றி மூழ்குவது இங்கே வழக்கமன்று. நீரில் இறங்குமுன் ஒருவர் கருவியை மற்றவர் சோதிக்கிறார்.

நீருக்குள் கையே மொழி. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இப்பகுதி பெரிதும் சுவையளிக்கிறது. கட்டைவிரலை உயர்த்தினால் 'நன்று' என்று பொருளன்று. 'மேலே போவோம்' என்று பொருள். நலம் என்பதற்குக் கட்டைவிரலும் சுட்டுவிரலும் வட்டமாகச் சேரவேண்டும். கரையில் பழகிய பொருளில் விரலைத் தூக்கியவர், ஒன்றும் பாராமலே தோழருடன் மேலேற நேரும்!

முதற்படியில் தேறியோர்க்கு 20 மீட்டரே எல்லை. அதற்குமேல் ஆழம் செல்ல மேலும் பயிலவேண்டும்.

இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள சவுத்சீ கிளையினர், அலெக்சாண்டர் மக்கீ என்னும் எழுத்தாளருடன் சேர்ந்து, 1965-ல் பழங்கப்பல்களைத் தேடத் தொடங்கினர். எட்டாம் ஹென்றி மன்னரின் போர்க்கப்பலான மேரி ரோஸ், 1545-ல் அக்கடலில் மூழ்கியிருந்தது. கலங்கிய நீரிலும் சேற்றிலும் பல ஆண்டுகள் துழாவிய பின், 1971-ல் அதன் மரங்கள் தென்பட்டன. 1982 அக்டோபர் 11-ஆம் நாள், எஞ்சியிருந்த கப்பலின் உடற்பகுதி கடலுக்கு மேலே தூக்கப்பட்டது.