பிரேக்கை அழுத்தினால் விளக்கு அணைவது ஏன்?

மாலை மங்கிவிட்டது. செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் செல்லும் பேருந்தில், முன் இருக்கையில் நீங்கள் அமர்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். பேருந்துக்கு முன்னால் பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் ஒன்று போகிறது. அதன் பின்புறத்தில் இரண்டு சிவப்பு விளக்குகள். இடப்பக்க விளக்கு நன்றாக எரிகிறது. வலப்பக்க விளக்கு சற்று மங்கல். திடீரென்று ஒரு மாடு சாலையின் குறுக்கே வருகிறது. காரோட்டி பிரேக்கை அழுத்துகிறார். இடப்பக்க விளக்கு பளிச்சென்று ஒளிர்கிறது. வலப்பக்க விளக்கோ அடியோடு அணைந்துவிடுகிறது! பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் அது மீண்டும் மங்கலாக எரிகிறது.

வேடிக்கையாகத் தோன்றுகிறது அல்லவா? ஆனால் இது ஆபத்தான வேடிக்கை. இருட்டில் ஒற்றைச் சிவப்பு விளக்கைக் காண்பவர், முன்னால் போவது மோட்டார் சைக்கிள் என்று எண்ணி ஒதுங்கிச் செல்ல முயலலாம். வண்டி நிற்கப்போகும் நேரத்தில், மிகவும் தேவைப்படும் கணத்தில், விளக்கு காணாமல் போகிறது.

பல்பு பழுதாகிவிட்டதோ? இல்லை. புதுப் பல்பு போட்டாலும் இதே கதைதான். அப்படியானால் குறை எங்கே? கண்டுபிடிப்போம். இதற்கு நீங்கள் பள்ளியில் படித்த ஓம் விதியே போதும்.

ஹெரால்டு நம் ஊர்க் கார்

முதலில் காரைப் பற்றிச் சில செய்திகள். இங்கிலாந்தில் 1959-இல் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டு என்ற காரை, 1961 முதல் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் நம் நாட்டில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் தயாரித்தது. அதன் தொழிற்சாலை இருந்த வண்டலூர் இன்று செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. காரின் உருவத்தை வரைந்தவர் இத்தாலிய நாட்டு வடிவமைப்பாளர் ஜியோவன்னி மிக்கெலோட்டி.

இந்தக் காரின் அமைப்பில் ஒரு தனித்தன்மை உண்டு. அடியில் சேஸிஸ் என்னும் உறுதியான எஃகுச் சட்டம் தனியாக இருக்கிறது. அதன் மேல் உடற்பகுதிகளைப் போல்ட் போட்டு முடுக்கியிருப்பார்கள். இந்தப் போல்ட்டுகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் துப்பறியும் கதையில் இவற்றுக்கு முக்கியப் பங்கு உண்டு.

போக ஒரு வழி, வர ஒரு வழி

ஒரு பல்பு எரிய மின்சாரம் போக ஒரு வழியும் திரும்பி வர ஒரு வழியும் வேண்டும். வீட்டில் இதற்கு இரண்டு கம்பிகள் இருக்கின்றன. காரில் பெரும்பாலும் ஒரு கம்பிதான். பேட்டரியின் ஒரு முனையைக் காரின் எஃகு உடலோடு இணைத்துவிடுகிறார்கள். விளக்கின் ஒரு முனைக்கு மட்டும் கம்பி வரும். மறுமுனை உடலைத் தொட்டுக்கொண்டிருக்கும். மின்சாரம் கார் உடல் வழியாகவே பேட்டரிக்குத் திரும்பும். மெக்கானிக்குகள் இந்தத் திரும்பும் வழியை ‘எர்த்’ என்கிறார்கள். பெயர்தான் எர்த், உண்மையில் தரைக்கும் இதற்கும் தொடர்பு இல்லை. ரப்பர் டயர்கள் காரைத் தரையிலிருந்து பிரித்துத்தான் வைத்திருக்கின்றன.

இந்த முறையால் கம்பியின் செலவு பாதியாகக் குறைகிறது. ஆனால் ஒவ்வொரு போல்ட்டும் மின்சுற்றின் ஓர் உறுப்பாகிவிடுகிறது! போல்ட்டின் அடியில் துரு ஏறினால் திரும்பும் வழி அடைபடும்.

அணையும் விளக்கின் மர்மம்

பழைய கார்களின் பின்விளக்கில் பெரும்பாலும் ஒரே பல்புக்குள் இரண்டு மின்னிழைகள் இருக்கும். சுமார் 5 வாட் இழை இரவில் தொடர்ந்து எரியும். 21 வாட் இழை பிரேக்கை அழுத்தும்போது மட்டும் எரியும். இரண்டு இழைகளுக்கும் கம்பிகள் வேறு. திரும்பும் வழி ஒன்றே. அது பல்பின் உலோக உறை.

வலப்பக்க விளக்கின் எர்த் துண்டிக்கப்பட்டுவிட்டது என்று கொள்வோம். நோட்டுப் புத்தகத்தில் படம் வரைந்து பார்த்தால் இனி வருவது எளிதில் விளங்கும். 5 வாட் இழைக்குள் வந்த மின்சாரம் உறையை அடைகிறது. அங்கிருந்து வெளியேற வழியில்லை. எனவே 21 வாட் இழைக்குள் எதிர்த்திசையில் நுழைகிறது. பிரேக் கம்பி வழியாக இடப்பக்க விளக்கின் 21 வாட் இழைக்குப் போய், அங்குள்ள நல்ல எர்த்தை அடைகிறது. மூன்று இழைகளும் தொடர் இணைப்பில் அமைந்துவிட்டன.

12 வோல்ட்டில் 5 வாட் இழையின் மின்தடை ஏறத்தாழ 29 ஓம். 21 வாட் இழையின் மின்தடை 7 ஓம். மொத்தம் 29 + 7 + 7 = 43 ஓம். மின்னோட்டம் 12 ÷ 43 = 0.28 ஆம்பியர். 5 வாட் இழைக்குக் கிடைப்பது சுமார் 8 வோல்ட்தான். அதனால் அது மங்கலாக எரிகிறது. பிரேக் இழைகளுக்கு ஆளுக்கு 2 வோல்ட் மட்டுமே. அவை ஒளிர்வது கண்ணுக்குத் தெரியாது. இழை குளிர்ந்தால் அதன் மின்தடை குறையும் என்பதால் இவை தோராயமான கணக்குகளே.

இப்போது காரோட்டி பிரேக்கை அழுத்துகிறார். பிரேக் கம்பிக்கும் 12 வோல்ட் வருகிறது. வலப்பக்கப் பல்பின் இரண்டு கம்பிகளிலும் 12 வோல்ட்! இரு முனைகளுக்கும் இடையே மின்னழுத்த வேறுபாடு இல்லாவிட்டால் மின்னோட்டம் ஏது? விளக்கு அணைந்துவிடுகிறது. மர்மம் விடுபட்டது.

உப்பின் வேலை

திரும்பும் வழியை அடைத்தது யார்? மாமல்லபுரம், கோவளம் பகுதிகளில் இருப்பவர்களுக்கு விடை தெரிந்திருக்கும்: கடற்காற்று. அலைகள் உடையும்போது எழும் நுண்துளிகளில் உப்பு இருக்கிறது. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டினால், உப்பு அந்த ஈரத்தை உறிஞ்சித் தானே கரைந்துவிடும். மழைக்காலத்தில் வீட்டு உப்பு ஜாடி கசிவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த உப்புநீர் எஃகையும் செம்புக் கம்பியின் முனையையும் ஒன்றாக நனைக்கும்போது ஒரு சிறு மின்கலமே உருவாகிறது. அதில் எஃகு கரைந்து துருவாகிறது. துரு நல்ல மின்கடத்தி அன்று. செம்பின் மேல் படியும் பச்சைக் களிம்பும் அப்படியே.

எர்த் முழுவதும் அறுந்துபோக வேண்டியதில்லை. சிறிது தடை சேர்ந்தாலே போதும். 60 வாட் முன்விளக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். 12 வோல்ட்டில் அது இழுக்கும் மின்னோட்டம் 5 ஆம்பியர். அதன் மின்தடை 2.4 ஓம். துருப்பிடித்த இணைப்பில் 0.6 ஓம் தடை இருந்தால் மொத்தம் 3 ஓம். மின்னோட்டம் 4 ஆம்பியராகக் குறையும். விளக்குக்குக் கிடைப்பது 9.6 வோல்ட், 38.4 வாட். ஆனால் ஒளியின் இழப்பு இதைவிட அதிகம். இழை குளிர்ந்து சிவப்பேறுவதால் வெளிச்சம் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். மீதி 2.4 வோல்ட் எங்கே போயிற்று? இணைப்பில்தான். அங்கே 9.6 வாட் வெப்பம் உண்டாகிறது. கம்பியின் உறை கருகிப்போக இந்த வெப்பமே காரணம்.

குறையைத் தேடும் முறை

தேர்ந்த ஆட்டோ எலெக்ட்ரீஷியன் கண்டபடி கம்பிகளைப் பிடுங்குவதில்லை, நிறத்தைப் பார்க்கிறார். பிரிட்டிஷ் முறையில் கம்பி போட்ட கார்களில் பழுப்பு நிறக் கம்பி பேட்டரியிலிருந்து நேராக வருவது. வெள்ளை, சாவியைத் திருப்பினால் மின்சாரம் பெறுவது. பச்சை, அதன்பின் ஃபியூஸைக் கடந்து வருவது. நீலம் முன்விளக்குகளுக்கு, சிவப்பு இரவு நேரப் பின்விளக்குகளுக்கு, கறுப்பு எர்த்துக்கு.

அடுத்து, விளக்கை எரியவிட்டு ஒரு வோல்ட்மீட்டரைப் பேட்டரியின் எர்த் முனைக்கும் பல்பின் உறைக்கும் இடையே வைக்கிறார். இணைப்பு நன்றாக இருந்தால் முள் ஏறத்தாழ சுழியிலேயே நிற்கும். 2 வோல்ட் காட்டினால் திருடன் அந்த வழியில்தான் இருக்கிறான். மீட்டரின் முனையை ஒவ்வொரு போல்ட்டாக நகர்த்திச் சென்றால், முள் திடீரென்று தாவும் இடமே குறையுள்ள இடம்.

சரிசெய்வது எளிது. முதலில் பேட்டரியின் எர்த் முனையைக் கழற்ற வேண்டும். அக்காலத்துப் பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் நேர்முனையையே உடலோடு இணைத்தார்கள். ஆகவே எது எர்த் என்று பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். பின்பு போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் பளபளக்கும் உலோகம் தெரியும்வரை தேய்த்து, இறுக முடுக்கி, மேலே வாசலின் பூசிவிட்டால் உப்புக்காற்று உள்ளே புகாது. விளக்கிலிருந்து சேஸிஸுக்குத் தனியாக ஒரு கறுப்புக் கம்பி போட்டுவிட்டால் இன்னும் நல்லது.

தீயாக மாறும் 12 வோல்ட்

12 வோல்ட் நம்மை அதிர்ச்சிக்கு உள்ளாக்காது. எனவே ஆபத்தில்லை என்று நினைத்துவிடாதீர்கள். உறை உரிந்த ஒரு கம்பி கார் உடலைத் தொட்டால், சுற்றின் மொத்த மின்தடை 0.05 ஓம்தான் என்று கொள்வோம். மின்னோட்டம் 240 ஆம்பியர். வெப்பம் 2880 வாட். ஏறத்தாழ மூன்று இஸ்திரிப் பெட்டிகளின் சூடு! பெட்ரோல் குழாய்க்கு அருகில் இது நடந்தால் என்ன ஆகும்? அக்காலக் கார்கள் பலவற்றில் முன்விளக்குச் சுற்றுக்கு ஃபியூஸே இல்லை. ஆகவே பழைய காரைப் புதுப்பிப்பவர்கள் ஃபியூஸ்களைச் சேர்த்துவிடுகிறார்கள். கம்பி உருகும் முன் ஃபியூஸ் உருகிவிட வேண்டும், அதுதான் விதி.

கசிவு எங்கே என்று தேட அவர்களிடம் ஓர் எளிய உத்தி உண்டு. ஃபியூஸ் இருந்த இடத்தில் 21 வாட் பல்பு ஒன்றைச் செருகுகிறார்கள். கம்பி எங்கே உடலைத் தொட்டாலும் இனி 1.75 ஆம்பியருக்கு மேல் ஓடாது; பல்பு மட்டும் பளிச்சென்று எரியும். கம்பிகளை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்க்கும்போது எந்த இடத்தில் பல்பு அணைகிறதோ, அங்கேதான் உறை உரிந்திருக்கிறது.

நீங்களே செய்து பாருங்கள்

காரில் கை வைக்காதீர்கள். பேட்டரியிலிருந்து வெளிவரும் ஹைட்ரஜன் வாயு ஒரு பொறியில் வெடிக்கக்கூடும். இரண்டு டார்ச் செல்களையும் இழையுள்ள மூன்று சிறு டார்ச் பல்புகளையும் கொண்டே மர்ம விளக்கை மேசைமீது அமைக்கலாம். செல்களைத் தொடராக இணையுங்கள். முதல் ஸ்விட்ச் வழியாக அ பல்புக்கும், இரண்டாவது ஸ்விட்ச் வழியாக ஆ, இ பல்புகளுக்கும் கம்பி கொடுங்கள். இ பல்பின் மறுமுனையை நேராக எதிர்முனையில் சேருங்கள். அ, ஆ இரண்டின் மறுமுனைகளையும் ஒன்றாக முறுக்கி, அங்கிருந்து ஒரே கம்பியால் எதிர்முனைக்கு இணையுங்கள். எல்லாம் சரியாக எரியும்.

இப்போது அந்த ஒரு கம்பியைக் கழற்றிவிட்டு, அறையை இருட்டாக்கி, முதல் ஸ்விட்சைப் போடுங்கள். மூன்று பல்புகளும் தணலைப் போல் இலேசாகச் சிவக்கும். இரண்டாவதையும் போடுங்கள். இ மட்டும் பளிச்சென்று எரியும். மற்ற இரண்டும் அணைந்துவிடும்.

கழற்றிய கம்பியை மீண்டும் இணைத்துப் பாருங்கள். மூன்றும் ஒளிரும். அடுத்த முறை இரவில் பேருந்தில் செல்லும்போது முன்னால் போகும் வண்டிகளின் பின்விளக்குகளைக் கவனியுங்கள். பிரேக் போடும்போது ஒன்று அணைந்தால், வண்டி நிற்கும் இடத்தில் ஓட்டுநரிடம் சொல்லுங்கள்: “பல்பை மாற்ற வேண்டாம் ஐயா, எர்த்தைப் பாருங்கள்!”